பருப்புப் பொடி வீட்டு விசாரிப்பு

ஸ்ரீரங்கம்,
8.9.2024

வேணிம்மா,

நான், அம்மா, நீ விட்டுப் போன மணிபிளான்ட் மூன்று பேரும் சுகம். நீ அங்கே சென்ட்ரல் போலீஸ் டிரெயினிங்கில், ராஜஸ்தான் வெயிலில் கறுத்திருப்பாய் என்று அம்மா கவலைப்படுகிறாள். போலீஸ்காரி கறுத்தால் என்ன, திருடன் பயந்தால் சரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன். படித்துச் சிரித்துக்கொள், ஆனால் பக்கத்துக் கட்டில் பெண்களுக்கு இந்தியில் சொல்லி என் மானத்தை வாங்காதே. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரத்தில் நம்ம டிரைவர் கலீம் எனக்குப் போனில் சாமான் வாங்கக் கற்றுக் கொடுத்தான். முதல் நாளே ஒரு ஊஞ்சல் கண்ணில் பட்டது. தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. விலையைப் பார்த்தால் அடிமாட்டு விலை. ஆர்டர் போட்டுவிட்டேன். பஸ்ஸில் ஏறினவர்களிடம் எல்லாம் சொன்னேன். கொத்தனார் ரெங்கராஜைக் கூப்பிட்டு ஹால் கூரையில் இரண்டு இரும்புக் கொக்கியும் போட்டாயிற்று.

பார்சல் வந்தது. டிபன் பாக்ஸ் அளவு. கிளிக்கூண்டுக்குள் மாட்டுகிற ஊஞ்சலாம். கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தானாம், நான் படத்தோடு நிறுத்திக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் வேறு என்ன செய்வான்? அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, “கொக்கி போட்டாச்சே, உட்காருங்க” என்றாள். இப்போது தினமும் பஸ்ஸில் யாராவது, “அண்ணே, ஊஞ்சல் வந்துடுச்சா?” என்று கேட்கிறார்கள். “வந்துடுச்சுங்க. கிளிதான் இன்னும் வரலை” என்கிறேன்.

லால்குடி அத்தை போன வாரம் வந்திருந்தாள். சுரேஷ்குமார் கே.கே. நகரில் வீடு வாங்கிவிட்டானாம். நிரந்தர உத்தியோகம், சொந்த வீடு, அதற்கு மேல் முறைப் பையன். தை பிறந்ததும் பூ வைத்துவிடலாம், உன் டிரெயினிங் முடிந்ததும் கல்யாணம் என்கிறாள். “வேணியைக் கேட்டுட்டுச் சொல்றேன்க்கா” என்றேன். இதோ கேட்டாயிற்று. பதில் எழுது.

வாரம் ஒரு தடவையாவது தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள் அம்மா.

உன் அப்பா,
அடைக்கலம்


பயிற்சி முகாம், ராஜஸ்தான்,
19.9.2024

அன்பு அப்பா அம்மாவுக்கு,

காலில் இரண்டு கொப்புளம் தவிர நன்றாக இருக்கிறேன். போன்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முகாம் போனில் ஐந்து நிமிடம் கிடைக்கிறது, அதிலும் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் நிறைய எழுதுங்கள். தபால் கொடுக்கும்போது எனக்குத்தான் அதிகக் கனமான உறை வருகிறது. எல்லோருக்கும் பொறாமை.

ஊஞ்சல் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹரியானாப் பெண் ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் இருந்து விழுந்தாள். மன்னித்துவிடுங்கள்.

அப்பா, இனிமேல் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கீழே, ஏற்கெனவே வாங்கினவர்கள் எழுதியிருப்பார்கள். அதுதான் ரிவியூ. அதைப் படியுங்கள். அதிலும் ஐந்து ஸ்டார் போட்டவர்களை விடுங்கள், ஒரு ஸ்டார் போட்டவர்கள் என்ன திட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தத் திட்டுக்குக் கடைக்காரர் என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்றும் பாருங்கள். சாமான் எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பழகுவதற்குச் சின்னதாக ஏதாவது வாங்குங்கள். ‘வள்ளிக்கண்ணு வீட்டுப் பொடி’ என்று தேடினால் ஒரு கடை வரும். மருங்காபுரிக்காரர்கள். வீட்டிலேயே செய்து அனுப்புகிறார்கள். பருப்புப் பொடி நன்றாக இருக்கும் என்று ஒரு தோழி சொன்னாள்.

விசில் ஊதிவிட்டார்கள். ஓடுகிறேன்.

வேணி


ஸ்ரீரங்கம்,
2.10.2024

பாப்பா வேணி,

கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள் அம்மா. எதற்குமே அவள் தேங்காய் எண்ணெய்தான் சொல்வாள், எனக்கு அன்றைக்குச் சம்பளம் லேட்டானதற்கும் சொன்னாள்.

உன் தோழி வாழ்க. பருப்புப் பொடி வந்தது. உன் அம்மா அடுத்தவர் செய்ததை ஒத்துக்கொள்ளமாட்டாள், உனக்குத் தெரியும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “பூண்டு கொஞ்சம் தூக்கல்” என்றாள். மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

நீ சொன்னபடியே திட்டினவர்களைத்தான் முதலில் படித்தேன். பொடியைவிட அது ருசி. கோயம்புத்தூர் அம்மா ஒருத்தர், பாக்கெட் கிழிந்து வந்தது என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அதற்குக் கடைப் பையன், ‘மன்னிச்சுக்கங்க அக்கா, வேற பாக்கெட் இன்னிக்கே அனுப்பிட்டேன். கிழிஞ்சதைத் திருப்பி அனுப்ப வேணாம், எறும்புக்குப் போட்டுடுங்க’ என்று எழுதியிருக்கிறான். இன்னொருவர் காரம் ஜாஸ்தி என்று ஒரு ஸ்டார். ‘அம்மாகிட்ட சொல்லிட்டேன் சார். அவங்க உங்களுக்கு மட்டும் மிளகாய் குறைச்சு அரைக்கிறேன்னாங்க’ என்று பதில். அடுத்த மாதம் அதே ஆள் வந்து ஐந்து ஸ்டார் போட்டிருக்கிறார். பஸ்ஸில் இருபத்தைந்து வருஷமாகத் திட்டு வாங்குகிறவன் நான். திட்டினவனையே திரும்ப ஏற வைப்பது சாதாரண வேலை இல்லை.

நானும் எழுதினேன். ‘பொடி அருமை. அடைக்கலம், ஸ்ரீரங்கம்’ என்று. மறுநாளே பதில் வந்துவிட்டது: ‘ரொம்ப நன்றிங்க அப்பா.’

கலீமிடம் காட்டினேன். அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் படித்தான். வண்டி நின்றுதான் இருந்தது, பயப்படாதே. “ஏண்ணே, எல்லாரையும் சாருங்கிறான், அக்காங்கிறான். உங்களை மட்டும் ஏன் அப்பாங்கிறான்?” என்றான்.

“வயசுக்கு மரியாதைடா.”

“உங்க வயசு அவனுக்கு எப்படிண்ணே தெரியும்?”

விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். நீ ஏதாவது நினைக்கிறாயா?

அத்தை விஷயத்துக்கு நீ பதில் எழுதவில்லை. காகிதம் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இத்துடன் நான்கு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன்.

அப்பா


பயிற்சி முகாம்,
14.10.2024

அப்பா,

தாள் கிடைத்தது. இங்கே துப்பாக்கியைப் பிரித்து மாட்டக் கற்றுத் தருகிறார்கள். நம்ம வீட்டு மிக்ஸியைவிடச் சுலபம். எங்கள் செட்டில் நான் இரண்டாவது ஆளாக மாட்டினேன்.

கடையில் யார் பதில் எழுதுகிறார்களோ, எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களோ என்னவோ. நீங்கள் வேறு யாருக்காவது அப்படி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்காதீர்கள், நேரம்தான் வீண்.

கொள்ளுப் பொடியும் வாங்கிப் பாருங்கள். அம்மாவுக்கு முட்டி வலிக்கு நல்லது. பூண்டு தூக்கலாக இருந்தது என்று அம்மா நிஜமாகவே சொன்னார்களா, விளையாட்டுக்குச் சொன்னார்களா? வேறு என்ன சொன்னார்கள் என்றும் எழுதுங்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வேணி


ஸ்ரீரங்கம்,
27.10.2024

வேணிம்மா,

பார்க்காதே என்றால் பார்ப்பவன் உன் அப்பன். நூற்று நாற்பது சொச்சம் ரிவியூவையும் படித்தேன். என்னைத் தவிர ஒருவருக்கும் அப்பா பட்டம் இல்லை.

கொள்ளுப் பொடி பாக்கெட்டில் பேர் இருந்தது, ம. அரவிந்தன் என்று. அந்தப் பேரைப் போனில் போட்டுத் தேடினேன். நாட்டில் எத்தனை அரவிந்தன். டாக்டர், வக்கீல், மாடு விற்கிறவர், ஒரு கல்யாண வீடியோக்காரர். பேரோடு மருங்காபுரியையும் சேர்த்துப் போடச் சொன்னான் கலீம். உடனே அண்ணா ஸ்டேடியத்தில் எடுத்த போட்டோ ஒன்று வந்தது. போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகின பிள்ளைகள் கூட்டம். அந்தப் பையன் நடுவில் நிற்கிறான். ஓட்டத்தில் முதலாவது, உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்து வேலை கிடைக்கவில்லை என்று கீழே யாரோ பாவப்பட்டு எழுதியிருந்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண். உன் பச்சைத் துப்பட்டா மாதிரியே துப்பட்டா, உன்னை மாதிரியே ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். அது நீதான் என்று நான் சொல்லவில்லை. அவனைவிட இரண்டு விரல்கடை உயரம், அதை மட்டும் சொல்கிறேன்.

எனக்குக் கை துறுதுறுவென்று ஆகிவிட்டது. நம்ம பக்கத்தில் ஒரு குடும்பத்தை விசாரிக்க வேண்டும் என்றால் என்ன செய்வோம்? அந்த ஊருக்குப் போய் டீக்கடையில் கேட்போம், ரேஷன் கடையில் கேட்போம். இங்கேதான் நூற்று நாற்பது பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்களே என்று தோன்றியது. எழுதினேன்:

‘கொள்ளுப் பொடியும் அருமை. உங்கள் வீட்டில் எத்தனை பேர்? பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? குடிப்பழக்கம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் தயங்காமல் சொல்லவும். அடைக்கலம், கண்டக்டர், ஸ்ரீரங்கம்.’

தெரிந்தவர் யாராவது எனக்குத் தனியாக எழுதுவார்கள் என்று நினைத்தேன், சத்தியமாக. அது உலகத்துக்கே தெரிகிற மாதிரி எழுதின போர்டு என்று கலீம் தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பதில் குவிந்துவிட்டது.

பாலக்கரை நஜ்முன்னிசா என்று ஒரு அம்மா: ‘பார்சல் கொடுக்க வந்தப்ப எங்க மாமியாரைக் கையைப் பிடிச்சு மாடி ஏத்திவிட்டார். நல்ல பிள்ளை. கல்யாணம் ஆகலைன்னுதான் நினைக்கிறேன்.’

தஞ்சாவூர் அனிஷா: ‘அங்கிள், பொடிக்கு ஸ்டார் போடுங்க, பையனுக்கு இல்ல.’

கடைசியாகக் கடைக்காரனே எழுதியிருந்தான்: ‘வீட்டில் அம்மா, அப்பா, நான். கல்யாணம் ஆகலைங்க அப்பா. குடிப்பழக்கம் இல்லை. டீ மட்டும்.’

நீ கோபப்படுவாய் என்று கலீம் சொல்கிறான். சிரிப்பாய் என்று நான் சொல்கிறேன். யார் சொன்னது சரி?

உடம்பைப் பார்த்துக்கொள். துப்பாக்கியை அப்பா பக்கம் திருப்பாதே.

அப்பா


ஸ்ரீரங்கம்,
20.11.2024

வேணி,

என் கடிதம் போய்ச் சேர்ந்ததா? ஞாயிற்றுக்கிழமை போனில் ஐந்து நிமிஷமும் “நல்லா இருக்கேன்ப்பா, அம்மா நல்லா இருக்காங்களா” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி வைத்துவிட்டாய். கலீம் பக்கம்தான் ஜெயித்தது போலிருக்கிறது. அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு அத்தை முறுக்குச் சட்டியோடு வந்தாள். “பூ வைக்கிற நாள் பார்த்துடவாடா?” என்றாள். “இருக்கா, தை வரட்டும்” என்றேன். “அதுக்குள்ள பொண்ணைக் கேட்டுட்டியா?” என்றாள். கேட்டேன் என்றேன். “என்ன சொன்னா?” என்றாள். ‘அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்’ என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா. ஒருவனை விசாரித்துவிட்டு மற்றவனை விட்டால் பாவம். அதனால் சுரேஷ்குமாரையும் தேடினோம். அவன் எங்கே போனாலும் அந்த இடத்துக்கு ஸ்டார் போடுகிற பழக்கம் உள்ளவன். முடிவெட்டும் கடை, ஒரு ஸ்டார், ‘சலூன்காரர் பாட்டு கேட்கிறார்’. ஜூஸ் கடை, ஒரு ஸ்டார், ‘ஈ’. ரயில்வே ஸ்டேஷன், ஒரு ஸ்டார், ‘ரயில் லேட்’. அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் நடந்த மண்டபம், ஒரு ஸ்டார், ‘பாயசத்தில் முந்திரி எண்ணிப் போட்டார்கள்’. பாயசம் போட்டது நம்ம சொந்தக்காரர்தான், மண்டபத்துக்காரன் என்ன செய்வான் பாவம். ஐந்து ஸ்டார் வாங்கினது ஒரே ஒரு இடம். அவன் வேலை பார்க்கிற ஆபீஸ்.

படித்துக்கொண்டே வந்த கலீம் திடீரென்று போனை மறைத்தான். பிடுங்கிப் பார்த்தேன். நம்ம பஸ் கம்பெனிக்கும் போட்டிருக்கிறான், ஒரு ஸ்டார். ‘சத்திரம், ஸ்ரீரங்கம் வண்டியில் கண்டக்டர் அதிகம் பேசுகிறார்.’

அந்தக் கண்டக்டர் நான்தான். மாமன் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான். பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் கொஞ்சம் வலித்தது.

அவன் கெட்டவன் இல்லை, வேணி. வாங்கின கடனைக் கட்டுவான், நேரத்துக்கு வீட்டுக்கு வருவான். நிஜமாகவே சொல்கிறேன், இதில் கேலி இல்லை. உனக்குச் சம்மதம் என்றால் நான் வாயைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மாமனாராக இருந்துவிடுவேன். இல்லை என்றால் அதையும் சொல். எதையாவது சொல்.

அப்பா


பயிற்சி முகாம்,
2.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் போடத் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே குளிர் அதிகம். காலையில் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

அத்தை விஷயத்தில் நீங்கள் எது செய்தாலும் சரி. என் பொருட்டு உங்களுக்கும் அத்தைக்கும் மனத்தாங்கல் வர வேண்டாம். அப்பாயி போன பிறகு, அத்தைதான் உங்களை வளர்த்தார்கள் என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்கள். அதனால் உங்கள் இஷ்டப்படியே செய்யுங்கள். எனக்குச் சரி.

கடையில் இனி ஒன்றும் எழுத வேண்டாம் அப்பா.

இப்படிக்கு,
வேணி


ஸ்ரீரங்கம்,
12.12.2024

பாப்பா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும், “இன்னொரு தடவை படிங்க” என்றாள். படித்தேன். “இது நம்ம வேணி எழுதினதா? லீவ் லெட்டர் மாதிரி இருக்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. உன் கடிதத்தில் ‘இப்படிக்கு’ என்று இதுவரை பார்த்ததில்லை. அம்மா பொடியைப் பற்றி என்ன சொன்னாள் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. முக்கியமாக, என்னைக் கேலி செய்யவே இல்லை. உன் அப்பனைக் கேலி செய்ய முடியாத அளவுக்கு நீ எதற்குச் ‘சரி’ சொல்ல வேண்டும்?

ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு லால்குடி ரயிலைப் பிடித்தேன்.

அக்கா வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில், “அக்கா, இது வேணாம்க்கா” என்று மட்டும்தான் வந்தது.

“எது வேணாம்?”

“பூ வைக்கிறது.”

கையில் இருந்த நெல்லைக் கீழே போட்டாள். “என் புள்ளைகிட்ட என்னடா குறை?”

“குறையே இல்லக்கா. அவனுக்குத்தான் எல்லாத்துலயும் குறை தெரியுது. நாளைக்கு என் பொண்ணு வச்ச ரசத்துக்கு எத்தனை ஸ்டார் போடுவானோன்னு எனக்குப் பயமா இருக்கு.”

அக்காவுக்கு ஸ்டார் புரியவில்லை, ஆனால் ரசம் புரிந்தது. “அவன் என் ரசத்தையே குத்தம் சொல்றவன்தான்” என்றாள். கீழே சிதறின நெல்லைக் கையால் கூட்டினாள். அப்புறம், “பொடிக்கடைக்காரனாமே. ஊரே சொல்லுது. என்ன ஆளுங்கடா அவங்க?” என்றாள்.

“நம்ம ஆளுங்க இல்லக்கா.”

“அதை விசாரிக்காம வேற என்னத்தடா விசாரிச்ச?”

“நூத்தி நாப்பது பேர் எழுதினதைப் படிச்சேன்க்கா. ஒருத்தர்கூட அதைக் கேட்கலை.”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து வந்து, “சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். முகத்தைப் பார்க்காமல்தான் பரிமாறினாள், ஆனால் பரிமாறினாள். அக்கா எனக்கு அக்காவாகத்தான் இருப்பாள். நீ அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

இன்னொன்று. கடையில் இனி எழுத வேண்டாம் என்றாய். எழுதமாட்டேன். நேரில் போகிறேன். வருகிற 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கலீமும் நானும் லீவு. துவரங்குறிச்சி பஸ்ஸைப் பிடித்து மருங்காபுரி. பொடி வாங்கத்தான். வேறு எதற்கும் இல்லை.

அப்பா


பயிற்சி முகாம்,
20.12.2024

அப்பா அப்பா அப்பா,

ஐயோ, போகாதீர்கள். இது 22ஆம் தேதிக்குள் உங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் அப்போது பஸ்ஸில் இருப்பீர்கள், இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது.

போனால் காக்கிச் சட்டையில் போகாதீர்கள். பீரோவில் மேல் தட்டில் அந்த நீலச் சட்டை இருக்கிறது, அதை அயர்ன் பண்ணிப் போடுங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். ஊஞ்சல் கதையைச் சொல்லாதீர்கள். கலீம் அண்ணனைப் பேச விடாதீர்கள். அவங்க அம்மாவுக்கு நாற்காலியில் உட்காருவது பிடிக்காது, தரையில்தான் உட்காருவார்கள், அதனால் நீங்களும் தரையில் உட்காருங்கள். கொள்ளு ரசம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இதெல்லாம் எனக்கு அந்தத் தோழி சொன்னதுதான்.

லால்குடி விஷயம் படித்தேன். ஹரியானாப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, அப்பா கடிதம் என்றேன். நன்றாகத் தூங்கினேன் அப்பா.

பூண்டு பற்றி அம்மா என்னதான் சொன்னார்கள்?

வேணி


ஸ்ரீரங்கம்,
29.12.2024

என் தங்கமே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் போய் வந்து ஐந்து நாள் கழித்து. நீ செய்யாதே என்றதை எல்லாம் வரிசையாகச் செய்துவிட்டேன். காக்கிச் சட்டையில்தான் போனேன், காக்கி போட்டிருந்தால் எந்த பஸ்ஸிலும் சக கண்டக்டர் டிக்கெட் கேட்கமாட்டான். ஊஞ்சல் கதையைச் சொன்னேன். கலீம் பேசினான். வெறுங்கை மட்டும் இல்லை, அம்மாமண்டபத்துக் கடையில் ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கிப் போயிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு அந்த அம்மா தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து நானும் இறங்கினேன். என்னைப் பார்த்துக் கலீம் இறங்கினான். முட்டி சத்தம் போட்டது எனக்கு மட்டும்தான்.

பஸ் விட்டு இறங்கி வெட்டவெளியில் நடந்தால் இரண்டு பக்கமும் கொள்ளுக் காடு. வீட்டு முற்றம் முழுக்க மிளகாய் காய்கிறது. கலீம் தும்மிக்கொண்டே நுழைந்தான். அந்தச் சத்தத்துக்குப் பையன் வெளியே வந்தான். என் சட்டையில் இருந்த பேர் வில்லையைப் படித்தான். கையில் இருந்த முறம் சாய்ந்து பாதிக் கொள்ளு கீழே போயிற்று.

“அப்பா... சார்... வாங்க” என்றான். மூன்றையும் ஒரே மூச்சில்.

உயரம் பார்த்தேன். உன்னைவிட ஒரு விரல்கடைதான் குறைச்சல். போட்டோவில் அவன் பள்ளத்தில் நின்றிருக்க வேண்டும்.

வள்ளிக்கண்ணு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதானா அந்த ஸ்ரீரங்கத்துக் கண்டக்டர்? நல்ல வேலை பண்ணுனீங்க. எம்புள்ளைக்குக் கல்யாணம் ஆகலைன்னு ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டீங்க. கரூர்ல இருந்து ஒரு பொண்ணு போட்டோ வந்துடுச்சு. திண்டுக்கல்ல இருந்து ரெண்டு. கால் கிலோ பருப்புப் பொடி கேட்டுட்டு, அடியிலேயே ஜாதகமும் அனுப்புறாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை வேணி. நான் போட்ட விதையில் கண்டவர்கள் எல்லாம் அறுக்க வருகிறார்களே என்று. கலீம் என் தொடையைக் கிள்ளுகிறான்.

“அப்புறம் என்ன முடிவு பண்ணுனீங்க?” என்று கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டேன். குரல்தான் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

“எங்கங்க? எதைக் காட்டினாலும் இப்ப வேணாங்குறான். ஏன்டான்னு கேட்டா கொள்ளைப் புடைக்கப் போயிடுறான்.” சொல்லிவிட்டு அவனைப் பார்த்தார். அவன் முறத்தைப் பார்த்தான். பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் மிளகாயைப் பார்த்தேன். கலீம்தான் தும்மி எங்களைக் காப்பாற்றினான்.

கொள்ளு ரசம் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டாவது தம்ளர் நானே கேட்டேன். ஊஞ்சல் கதைக்கு அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டுக்காரர் அசலூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் இன்னொரு தரம் சொல்லியிருப்பேன்.

பையன் பேக்கிங் செய்கிற இடத்தைக் காட்டினான். அவன் அதிகம் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான். “அங்க ரொம்பக் குளிராமே அப்பா. அவங்களுக்கு... அங்க இருக்கிறவங்களுக்கெல்லாம் கம்பளி குடுத்திருப்பாங்களா?” எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. “குடுத்திருப்பாங்கப்பா” என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

பூண்டு விஷயம் கேட்டிருந்தாய். அம்மா இப்போது தன் பொடியிலும் இரண்டு பல் சேர்த்துப் போடுகிறாள். கேட்டால் நான் எப்பவும் இப்படித்தான் என்பாள்.

கிளம்பினோம். சாயங்காலம் ஐந்தரைக்கு பஸ். அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்தார். பையன் அவருக்குப் பின்னால் நிலைப்படியில் நின்றான். பருப்புப் பொடியை என் கையில் கொடுத்துவிட்டு, கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பது போலத்தான் கேட்டார், ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார்.

“வேற என்னங்க வேணும்?”

கலீம் இருமினான். நான் வாயைத் திறந்தேன். உன் சம்மதம் இல்லாமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அதை முதலில் நீ என்னிடம் சொல்ல வேண்டும், இல்லையா? அதிகம் பேசுகிற கண்டக்டர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குறைவாகப் பேசினேன். “கொள்ளுப் பொடி ஒரு அரைக் கிலோங்க” என்றேன்.

நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது வேறு. அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

“உங்க பையனைக் கொடுங்க.”